மூக்குக் குரல், மூன்று கார்டு: ஜான் பிரைனின் முதல் ஆல்பத்தை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். டிலனும் நீல் யங்கும் கேட்டுப் பழகிய உங்களிடம் ஒரு நண்பர் அமெரிக்கப் பாடகர் ஜான் பிரைனின் 1971 ஆல்பத்தைக் கொடுத்திருக்கிறார். இரண்டு தரம் கேட்டும் மனசில் ஒட்டவில்லை. குரல் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது, மெட்டெல்லாம் ஒரே ரகம், கார்டு (கிட்டாரில் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) மூன்றைத் தாண்டவில்லை என்கிறீர்கள். இது ஃபோக்கா (நாட்டுப்புறப் பாணி), கன்ட்ரியா (அமெரிக்கக் கிராமிய இசை), ராக்கா என்றும் பிடிபடவில்லை. தபால்காரர் பாடகரான கதையை வைத்துத்தான் இவ்வளவு பெயரோ என்று ஒரு சந்தேகம். கிட்டார் பழகிக்கொண்டிருப்பதால் இதில் எந்தப் பாட்டை எடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, இவ்வளவு குறைந்த சரக்கை வைத்து ஒருவர் பெரிய பாட்டு எழுதிவிட முடியுமா, இல்லை ஊரே மிகைப்படுத்துகிறதா என்பது என்று நினைக்கிறேன்.

நான் வருஷக்கணக்காக அக்கூஸ்டிக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவன். இந்தப் பாட்டுகளை மாணவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் பிரித்து வாசித்திருக்கிறேன். அதனால் பாட்டு கட்டியிருக்கும் விதத்தைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் போர், நிலக்கரி விவகாரமெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டவை, அவ்வளவுதான்.

முதலில் குரல். உங்கள் காதில் கோளாறு இல்லை. அந்த ஆல்பத்தில் பிரைன் விறைத்துப்போய்த்தான் பாடுகிறார். அவரே பிற்காலப் பேட்டிகளில் அப்போது பயந்து நடுங்கியதாகச் சொல்லியிருக்கிறார். காரணமும் உண்டு. அதுவரை சிகாகோவின் சின்னச் சின்ன கிளப்புகளில் ஒற்றைக் கிட்டாரோடு பாடியவரைக் கொண்டுபோய் மெம்ஃபிஸில் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில் நிறுத்திவிட்டார்கள். அங்கே வாசித்தவர்கள் யார் தெரியுமா? 1969 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லி "சஸ்பிஷஸ் மைண்ட்ஸ்" பதிவு செய்தபோது பின்னால் இருந்த அதே குழு. கிட்டாரில் ரெஜி யங், ஆர்கனில் பாபி எம்மன்ஸ், டிரம்ஸில் ஜீன் கிறிஸ்மன். தயாரிப்பாளர் இஸ்தான்புல்லில் பிறந்த ஆரிஃப் மார்டின், அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் பெரிய கை. ஆல்பம் பதிவு செய்வதே முதல் தடவையாக இருக்கிற ஒருவருக்கு இப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவே தொண்டை இறுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அட்டைப் படத்தில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அதுவும் அவருக்கு அன்னியம்தான். ஆள் சிகாகோவின் புறநகரான மேவுட்டில் வளர்ந்தவர். வைக்கோல் கட்டில் உட்கார்ந்ததே அந்தப் படத்துக்காகத்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

தபால்காரர் கதை உண்மைதான், இட்டுக்கட்டியது இல்லை. 1946-இல் பிறந்தவர், பள்ளி முடித்ததும் தபால் துறையில் சேர்ந்தார். நடுவில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்டு, வியட்நாமுக்குப் போகாமல் மேற்கு ஜெர்மனியில் வண்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி கடிதம் விநியோகித்தார். தினமும் அதே தெரு, அதே வீடுகள். நடந்துகொண்டே மனசுக்குள் பாட்டுக் கட்டினார். அந்த நடை, புத்தகமே இல்லாத நூலகத்தில் இருப்பது மாதிரி என்று அவர் சொல்வதுண்டு. 1970 அக்டோபர் 9-ஆம் தேதி சிகாகோ சன் டைம்ஸில் ரோஜர் எபர்ட் இவரைப் பற்றி எழுதினார். ஆமாம், சினிமா விமர்சகர் எபர்ட்தான். தியேட்டரில் பாப்கார்னில் உப்பு அதிகம், தாகத்துக்கு பீர் குடிக்க நுழைந்த இடத்தில் இவர் பாடிக்கொண்டிருந்தார் என்பது பின்னாளில் சொல்லப்பட்ட கதை. பாப்கார்ன் எவ்வளவு நிஜமோ, கட்டுரை வந்தது நிஜம், கூட்டம் கூடியதும் நிஜம். அப்புறம் ஸ்டீவ் குட்மன் என்கிற நண்பர் பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனை இழுத்துக்கொண்டு வந்தார். கிளப் மூடி நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவிட்ட நேரத்தில் பிரைன் அவருக்காகத் தனியாகப் பாடிக் காட்டினார். சில மாதங்களில் நியூயார்க்கில் கிறிஸ்டாஃபர்சன் தன் மேடையில் இவரை ஏற்ற, கேட்டுக்கொண்டிருந்த அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் மறுநாளே ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார். ஆல்பத்தின் பின்னட்டையில் கிறிஸ்டாஃபர்சன் எழுதியது: வயது இருபத்து நான்கு, எழுதுவதோ இருநூற்று இருபது வயதுக்காரர் மாதிரி.

கதை சுவாரசியம்தான். ஆனால் கதையால் ஒரு ஆல்பம் ஐம்பது வருஷம் ஓடாது. வந்தபோது பெரிதாக விற்கவும் இல்லை. பில்போர்டு பட்டியலில் 154-ஆம் இடத்தோடு நின்றுபோனது. சிறந்த புதிய கலைஞர் கிராமி விருதுக்குப் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, விருது அமெரிக்கா என்கிற குழுவுக்குப் போனது. இந்தப் பாட்டுகள் பரவியது மற்றவர்கள் வாய் வழியாகத்தான். 1972-இல் பெட் மிட்லர் "ஹலோ இன் தேர்" பாடினார், 1974-இல் பானி ரெய்ட் "ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்காமரி" பாடினார். ரெய்ட் பாடியதைத்தான் பலர் மூலப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். "ஹலோ இன் தேர்" ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதான மனிதர் பேசுகிறார். மனைவி பெயர் லொரெட்டா. பிள்ளைகளில் இருவர் ஒமாஹாவில் இருக்கிறார்கள், ஒருவன் எங்கோ ஊர் ஊராகத் திரிகிறான். இன்னொருவன் கொரியப் போரில் போய்விட்டான், எதற்காகப் போனான் என்று இவருக்கு இன்னும் தெரியவில்லை. லொரெட்டா பின்கதவின் கம்பிவலை வழியாக வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ரூடி என்று ஒருவனோடு தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்கிறார், ஒருநாள் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் என்ன விசேஷம் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? ஒன்றுமில்லை என்றுதான். பாட்டில் நடப்பது இவ்வளவே. அழுகை கிடையாது, முதுமையைப் பற்றிய தத்துவமும் சரணத்தில் கிடையாது. பெயர், ஊர், கதவு, பழைய சக தொழிலாளி, இவற்றை வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கடைசிச் சரணத்துக்கு வரும்போதுதான் கேட்பவரிடம் நேராகத் திரும்பி, இப்படி ஒருவரைத் தெருவில் பார்த்தால் கண்டும் காணாமல் போய்விடாதே, நின்று ஒரு ஹலோ சொல் என்கிறார்.

இதை எழுதியவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். சின்ன வயசில் நண்பனோடு சேர்ந்து ஒரு முதியோர் இல்லத்தில் நாளிதழ் போட்டிருக்கிறார். அங்கே இருந்த சிலர், பேப்பர் கொண்டுவரும் பையனைப் பேரன் மாதிரி பாவித்து நடந்துகொள்வார்களாம். அது மனசில் கிடந்தது. தலைப்பு வேறு வழியாக வந்தது. ஜான் லெனன் "அக்ராஸ் தி யுனிவர்ஸ்" பாட்டில் குரலுக்கு நிறைய எதிரொலி வைத்திருப்பதைக் கேட்டபோது, உள்ளே குடைந்த மரக்கட்டைக்குள் வாயை வைத்து யாரையோ கூப்பிடுகிற எண்ணம் வந்தது என்று பிரைன் சொல்லியிருக்கிறார். இன்னொன்று, இந்தப் பாட்டில் கார்டு மூன்று மட்டும் இல்லை. வாசித்துப் பாருங்கள், இடையிடையே மைனர் கார்டுகள் வந்து விரல் கொஞ்சம் தடுமாறும். மெட்டெல்லாம் ஒரே ரகம் என்ற உங்கள் புகார் இந்த இடத்தில் நிற்காது.

"சாம் ஸ்டோன்" போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பும் ஒரு சிப்பாயின் கதை. முதலில் வைத்திருந்த தலைப்பு நீளமானது. ஜனாதிபதி ஜான்சன் காலத்து "கிரேட் சொசைட்டி" முழக்கத்தைக் கிண்டலாக இழுத்து வைத்த தலைப்பு. இதில் சாமர்த்தியம் எங்கே என்றால், பல்லவி வந்ததும் பேசுவது அவனுடைய குழந்தை. அப்பாவின் கையில் ஒரு ஓட்டை இருக்கிறது, வீட்டுக் காசெல்லாம் அதற்குள் போகிறது. குழந்தைக்கு ஹெராயின் தெரியாது, ஊசி தெரியாது. அது பார்த்ததை மட்டும் சொல்கிறது. பெரியவர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் பாட்டு அறிவுரையாகப் போயிருக்கும். அடுத்த வரி, ஏசு செத்தது வீண்தான் போல என்று போகும். ஜானி கேஷ் பிற்காலத்தில் இதைப் பாடியபோது அந்த வரியை மட்டும் மாற்றிக்கொண்டார். சாம் ஸ்டோன் நிஜ மனிதரா என்று பலர் கேட்பார்கள். குறிப்பிட்ட ஒருவர் இல்லை, திரும்பி வந்த தன் வயசுக்காரர்கள் பலரைச் சேர்த்துச் செய்த ஆள் என்பதே பிரைன் சொன்ன விளக்கம். எம்மன்ஸின் ஆர்கன் தேவாலயத்தில் இறுதிச் சடங்குக்கு வாசிப்பது போல ஒலிப்பதைச் சிலர் அதிகப்படி என்பார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. பாட்டு எங்கே முடியப்போகிறது என்று வாத்தியம் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது, பாடுபவருக்குத்தான் அது தெரியாத மாதிரி இருக்கிறது.

"ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்காமரி" பற்றி கிட்டார்காரனாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதியவர்களைப் பற்றி இன்னொரு பாட்டு எழுதேன் என்று ஒரு நண்பர் சொல்ல, அது முடியாது, தன் வயசைவிடக் கிழவியாக உணர்கிற நடுவயசுப் பெண்ணைப் பற்றி எழுதட்டுமா என்று பிரைன் தொடங்கியது இது. சமையலறையில் ஈ மொய்க்கிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது. புருஷன் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வருகிறான், சொல்ல ஒரு வார்த்தை இல்லை. சரணம் முழுக்க ஜி, சி, டி என்று மிகச் சாதாரணமாகப் போகும். பல்லவி தொடங்கி, தன்னைத் தேவதையாக்கிப் பறக்கவிடச் சொல்லும் இடத்தில் ஜி-யிலிருந்து எஃப் கார்டுக்கு இறங்கி, சி வழியாகத் திரும்ப ஜி-க்கு வருகிறார். ஜி ஸ்கேலில் வர வேண்டியது எஃப் ஷார்ப். சாதா எஃப் அந்த வீட்டுக்குச் சேராத சுரம். இருட்டில் மாடிப்படி முடிந்துவிட்டது என்று கால் வைக்கும்போது இன்னொரு படி இருப்பது போல, கேட்பவர் ஒரு கணம் சறுக்குவார். பறக்க ஆசைப்படும் இடத்தில் இசை மேலே ஏறாமல் கீழே இறங்குகிறது. இதை அவர் யோசித்துச் செய்தாரா, விரல் பழக்கத்தில் வந்ததா என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை, ராக் இசையில் அப்போது சகஜமாக இருந்த ஒரு நகர்வுதான் அது. ஆனால் மூன்று கார்டு பாட்டில் நாலாவது கார்டு எங்கே வருகிறது என்பதுதான் விஷயமே. இதில் அது வர வேண்டிய ஒரே இடத்தில் வருகிறது.

இனி "பாரடைஸ்". என் கணக்கில் ஆல்பத்தின் மையம் இதுதான், இதில்தான் உண்மையும் பாட்டும் கொஞ்சம் விலகி நிற்கின்றன. பிரைனின் அப்பா அம்மா இருவரும் கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பர்க் கவுண்டியைச் சேர்ந்தவர்கள். அங்கே கிரீன் ஆற்றங்கரையில் பாரடைஸ் என்று ஒரு சிற்றூர் இருந்தது. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு அங்கே போவார்கள். ஊர் போய்விட்ட செய்தி, ராணுவத்தில் இருந்தபோது அப்பா அனுப்பிய நாளிதழ்த் துண்டில் இவருக்கு வந்து சேர்ந்தது. பாட்டில், என்னை மறுபடி அங்கே கூட்டிப் போங்கள் அப்பா என்று மகன் கேட்பான். ரொம்பத் தாமதமாகக் கேட்கிறாய் மகனே, பீபாடி ஐயாவின் நிலக்கரி ரயில் ஊரையே ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்பார் அப்பா. பாட்டில் வரும் உலகின் மிகப் பெரிய மண்வாரி கவிஞரின் மிகை இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியின் திறந்தவெளிச் சுரங்கத்தில் உலகிலேயே பெரிய மண்வாரி எந்திரம் நிஜமாகவே வேலை செய்தது.

ஆனால் ஊரை விலைக்கு வாங்கிக் காலி செய்தது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்கிற அரசு அமைப்பு. 1960-களில் அங்கே பெரிய அனல் மின் நிலையம் எழுந்தது, சாம்பல் ஊரின் மேல் படிந்தது. 1967-இல் மிச்சமிருந்த வீடுகளையும் ஆணையம் வாங்கிக்கொண்டது. மின் நிலையத்துக்கு நிலக்கரி தந்தது பாட்டில் வரும் பீபாடி, ஒரு நிலக்கரி நிறுவனம். ஆகவே பாட்டு தவறா என்றால், சுற்றுவட்டார நிலத்தைக் கீறிப் போட்டதில் சுரங்கத்தின் பங்கை யாரும் மறுக்க முடியாது. கடைசி வீட்டை இடித்தது யார் என்று கேட்டால் ரயில் என்று பதில் சொல்ல முடியாது. பீபாடி நிறுவனம் கடுப்பாகி இந்தப் பாட்டை மறுத்து ஒரு வெளியீடே போட்டது. இந்த ஒலிப்பதிவுக்கான மின்சாரமே எங்கள் நிலக்கரியில் வந்ததாகத்தான் இருக்கும் என்கிற தொனியில் வாதம். ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்குக் கம்பெனி பதில் எழுதியது என்பதே அந்தப் பாட்டு எவ்வளவு தூரம் போய்க் குத்தியது என்பதற்குச் சாட்சி.

இந்த ஒரு பாட்டு மட்டும் மெம்ஃபிஸில் பதிவானதில்லை. நியூயார்க்கில் ஸ்டீவ் குட்மனையும் அண்ணன் டேவையும் வைத்துப் பதிவு செய்தது. கேட்டுப் பாருங்கள், குரலில் அந்த விறைப்பு பாதி போயிருக்கும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிற ஆள் தெரிவார். ஆல்பம் முழுக்க இப்படியே பதிவு செய்திருக்கலாமே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். அப்பாவுக்குப் போட்டுக் காட்டியபோது, அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்து கேட்டாராம், ஜூக்பாக்ஸில் வருகிற மாதிரி இருக்கட்டும் என்று. அந்த வருஷமே அவர் இறந்துவிட்டார்.

இது எந்த வகை என்ற கேள்விக்கு வருகிறேன். மியூலன்பர்க் என்று சொன்னேனே, கட்டைவிரல் பேஸ் கம்பிகளை மாற்றி மாற்றித் தட்ட, மற்ற விரல்கள் மேல்கம்பியில் மெட்டை எடுக்கும் டிராவிஸ் பிக்கிங் பிறந்த பூமி அதுதான். மெர்ல் டிராவிஸின் ஊர்ப் பகுதி, எவர்லி சகோதரர்களின் அப்பா ஐக் எவர்லியின் ஊர்ப் பகுதி. பிரைனின் கை அந்த வழியில் வந்தது. பதினாலு வயசில் அண்ணன் டேவ் கற்றுக்கொடுத்ததும், பிறகு சிகாகோவின் ஓல்ட் டவுன் ஃபோக் பள்ளியில் படித்ததும் சேர்ந்த கை. எனவே எலும்பு ஃபோக், நடை கன்ட்ரி. மேலே போர்த்தியிருப்பது மெம்ஃபிஸ் சோல் இசைக்காரர்களின் வாசிப்பு, அதில் லியோ லெப்ளாங்கின் பெடல் ஸ்டீல் (கம்பிமேல் உலோகக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கிட்டார்) வேறு. அதே காலத்தில் பேர்ட்ஸ், ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் என்கிற ராக் குழுக்கள் கலிஃபோர்னியாவில் செய்த கன்ட்ரி ராக்கோடு இதை ஒரே கூடையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் ராக்கிலிருந்து கன்ட்ரியைத் தேடிப் போனவர்கள், இவருக்கு அது வீட்டில் கேட்ட சத்தம். ஆனால் கடையில் எந்த அலமாரி என்று கேட்டால், கன்ட்ரி ராக் என்று போட்டாலும் குற்றமில்லை.

பதிமூன்று பாட்டும் தங்கம் என்று நான் சொல்லமாட்டேன். "கொயட் மேன்", "ஃப்ளாஷ்பேக் ப்ளூஸ்" இரண்டும் இல்லாவிட்டாலும் ஆல்பம் குறைபடாது. அமெரிக்கக் கொடி ஸ்டிக்கரைக் கிண்டல் செய்யும் பாட்டு அந்தக் காலத்தோடு கட்டுண்டது. ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழோடு இலவசமாக வந்த கொடி ஸ்டிக்கரை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரர், மறுநாள் பார்த்தால் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டியிருந்ததாம். நல்ல நகைச்சுவை, அதற்கு மேல் இல்லை. "இல்லீகல் ஸ்மைல்" கஞ்சாவைப் பற்றியது என்று எல்லாரும் நம்புகிறார்கள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வராத இடத்தில் தனக்குச் சிரிப்பு வருவதைப் பற்றி எழுதியது என்று பிரைன் சாதிப்பார். அவர் முகத்தைப் பார்த்து நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

தரவரிசைப் பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரோலிங் ஸ்டோனின் 500 ஆல்பங்கள் பட்டியலில் இது 2003-இல் 452-ஆவது இடம், 2020-இல் 149. அந்த 2020 ஏப்ரலில்தான் பிரைன் கொரோனாவில் இறந்தார். மதிப்பு உண்மையிலேயே ஏறியதா, இரங்கல் ஏற்றியதா, வாக்களித்தவர்கள் மாறியதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பட்டியலை நம்பிக் கேட்க வேண்டாம்.

குரல்தான் தடை என்றால் ஒரு சுற்றுவழி இருக்கிறது. 1998-இல் கழுத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தபின் அவர் குரல் இறங்கிக் கரகரப்பானது. அதற்குப் பிறகு 2000-இல் வந்த "சுவனிர்ஸ்" ஆல்பத்தில் இந்தப் பழைய பாட்டுகளில் சிலவற்றை மறுபடி பாடியிருக்கிறார். "ஹலோ இன் தேர்" இருபது வயசுக் குரலில் ஒரு மாதிரி, ஐம்பதைத் தாண்டிய குரலில் வேறு மாதிரி. அதைக் கேட்டுவிட்டு 1971-க்குத் திரும்பினால் அந்த மூக்குக் குரல் உறுத்தாது என்பது என் மாணவர்களிடம் பார்த்தது. உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

பழகுவதற்கு "பாரடைஸ்" எடுங்கள். டி, ஜி, ஏ மூன்றே கார்டு, மூன்று அடி வால்ட்ஸ் தாளம். முதல் அடியில் கட்டைவிரலால் பேஸ் கம்பி மட்டும், அடுத்த இரண்டு அடியில் மற்ற விரல்களால் மேல்கம்பிகளை மெல்ல வருடினால் போதும். டி-க்கு நாலாவது கம்பி, ஜி-க்கு ஆறாவது, ஏ-க்கு ஐந்தாவது. சுருதி உங்கள் குரலுக்கு ஒத்துவராவிட்டால் கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) போட்டுக்கொள்ளுங்கள். பாடிக்கொண்டே வாசிக்கும்போது கட்டைவிரல் நிற்கக்கூடாது, அது ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். இது கை வந்தபிறகு "ஏஞ்சல்". அதில் தாளம் நாலு அடி, ஜி-யில் கட்டைவிரல் ஆறாவது, நாலாவது கம்பிகளுக்கு மாறி மாறிப் போகட்டும், சி-யில் ஐந்தாவது, நாலாவது. எஃப் கார்டுக்கு ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் போட வராவிட்டால் மேலே நாலு கம்பி மட்டும் பிடிக்கிற சின்ன எஃப் போதும். "ஹலோ இன் தேர்" கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம்.